முள்ளெலிக்கு வைத்த தட்டு

எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் வாலென்டியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். "யாரு, அந்தத் தட்டு வைக்கிற மனுஷனா? பதினேழாம் துண்டுக்குப் போங்க. எது காடு மாதிரி தெரியுதோ அதுதான்" என்பார்கள். மல்லிகைத் தோட்டம் என்பது பெயரோடு சரி. சான் ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் வேலி போட்டுப் பிரித்த நூற்றுப் பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி போல ஒரு மரக் குடில், அவ்வளவுதான். தலைகீழாக நின்று தேடினாலும் ஒரு மல்லிகைக் கொடி கிடைக்காது.

ஏப்ரல் பிறந்ததிலிருந்து அக்டோபர் வரை, மழை பெய்தாலும் சரி, தொலைக்காட்சியில் நம் நாடு கால்பந்து ஆடினாலும் சரி, சாயங்காலமானால் வாலென்டி ஒரே காரியத்தைத்தான் செய்வார். பின்வேலியின் அடியில் ஒன்றரை முஷ்டி அகலத்துக்கு ஓர் ஓட்டை வெட்டி வைத்திருக்கிறார். அதற்கு எதிரே ஒரு மண் தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கைகளை முழங்காலில் ஊன்றி, அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் மங்கி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அப்படியே இருப்பார். பிறகு வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அவர் காத்திருந்தது ஒரு முள்ளெலிக்காக. ஆறு வருஷமாக.

பதினெட்டாம் துண்டுக்காரி ஹொனொராத்தா, ஓய்வு பெற்ற நர்ஸ். அந்த அம்மாளின் வாய் இருக்கிறதே, சும்மா இருக்காது. வேலிக்கு மேல் தலையை நீட்டி தினம் ஒரு தடவை விசாரிப்பார். ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி என்று மரியாதை வைத்துப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம்.

"என்ன பான் வாலென்டி, விருந்தாளி இன்னிக்கும் வரலையா? பிஷப் வர்றாருன்னாக்கூட இவ்வளவு நேரம் யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க."

"வருவாரு, பானி ஹொனொராத்தா. நீங்க அந்தப் புல் வெட்டுற மெஷினைக் கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா இன்னும் சீக்கிரமா வருவாரு."

"என் மெஷின் மேல பழி போடாதீங்க. உங்க துண்டுக்குள்ள நுழைஞ்சா வழி தெரியாமத் தொலைஞ்சு போயிடுவோமோன்னு பயந்துதான் அது வரலை."

இப்படிப் பேச்சு வாங்கும் மனிதர் ஒரு காலத்தில் எப்படி இருந்தார் தெரியுமா? உர ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அந்தத் துண்டே ஆலை கொடுத்ததுதான். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும், காருக்கும் காத்திருக்க வேண்டும், தோட்டத் துண்டு மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடும். கூடவே ஆலையிலிருந்து வெள்ளை உரக் குருணையும் வேண்டிய மட்டும் வரும். வாலென்டி அதை உப்புப் போலத் தூவினார். முட்டைக்கோஸ் ஊதிக்கொண்டு வளர்ந்தது. பூச்சி என்று ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அசுவினிக்கு ஒரு டப்பா, நத்தைக்கு ஒரு டப்பா, எறும்புக்கு ஒரு டப்பா, பாசிக்கு ஒரு டப்பா என்று குடிலுக்குள் ஒரு அலமாரி முழுக்க விஷம் வைத்திருந்தார். மல்லிகைத் தோட்டத்தில் வருஷா வருஷம் மிக அழகான துண்டுக்குப் பரிசு கொடுப்பார்கள். ஆறு தடவை அவருக்குத்தான் கிடைத்தது. ஆறு பித்தளைத் தகடுகளையும் குடிலின் கதவில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

அவர் மனைவி லுசினா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். முன்னூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சிவிட்டு வந்தும் அலுப்பில்லாமல் பாடிக்கொண்டே களை பிடுங்குவாள். நாற்பத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்தத் தோட்டத்தில் கேட்டது ஒரே ஒரு இடம்தான். குடிலுக்கும் பின்வேலிக்கும் நடுவில் இரண்டடி எடுத்து வைத்தால் முடிந்துபோகும் ஒரு மூலை. அங்கே காஞ்சொறி வளர்ந்து கிடந்தது, ஆப்பிள் மரத்துச் சருகு குவிந்து கிடந்தது. வழியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதால் வாலென்டியும் போனால் போகிறதென்று விட்டுவிட்டார்.

அந்தக் குவியலில்தான் இன்ஜினியர் குடியிருந்தார்.

இன்ஜினியர் என்பது லுசினா அந்த முள்ளெலிக்கு வைத்த பெயர். ஆலையில் ஒரு இன்ஜினியர் இருந்தார். உஸ்ஸு உஸ்ஸென்று மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, மணி அடித்தாற்போல் ஒரே நேரத்துக்கு ஒரு சுற்று வருவார். எதையும் கையால் தொட மாட்டார், எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு அதிருப்தியோடு போய்விடுவார். இந்தப் பிராணியும் அச்சு அசல் அப்படியே. பொழுது சாயும் நேரம், லுசினா பாத்திரம் அலம்பிக்கொண்டிருக்கும்போது வந்துவிடும். தட்டில் தண்ணீர் குடிக்கும், லெட்டூஸ் வரிசையில் ஒரு சுற்று வந்து நத்தையைப் பிடித்துத் தின்னும், மறுபடி குவியலுக்குள் போய்விடும்.

"வாலுஷ், பாரேன், இன்ஜினியர் மேற்பார்வைக்கு வந்துட்டாரு. எழுந்து நில்லு!" என்று அவள் கூப்பிடுவாள்.

"ம்" என்பார் வாலென்டி.

இந்த 'ம்' அவருக்கு ஒரு வியாதி. அவள் எது சொன்னாலும் 'ம்' கொட்டுவார். அது காதில் விழுந்ததா, மனதுக்குள் போனதா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் ஊருக்கே ஒரு வெறி பிடிக்கும். நவம்பர் முதல் தேதி அனைத்துப் புனிதர் திருநாள், ஊரே கல்லறைக்குப் போகும் நாள். அதற்குள் எல்லாம் பளிச்சென்று இருந்தாக வேண்டும். கல்லறையைத் தேய்ப்பார்கள், ஜன்னலைத் தேய்ப்பார்கள், தோட்டத்தில் ஒரு சருகு விடாமல் வாரிக் கொளுத்துவார்கள். கொளுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்து என்ன செய்ய? அந்த வாரம் ஆற்றங்கரை முழுக்கப் புகையாகத்தான் இருக்கும். செத்தவர்கள் முன்னால் குப்பையோடு போய் நிற்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. எனக்குத் தெரிந்து எந்தச் செத்தவரும் வந்து இதைக் கேட்டதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் அப்படி ஒரு நாள் காலையில் லுசினா சொன்னாள்: "வாலுஷ், பின்னாடி இருக்கிற குவியலை மட்டும் தொடாதே. இன்ஜினியர் குளிர்காலத்துக்கு அதுக்குள்ளதான் படுப்பாரு. கேட்டியா?"

"ம்."

நண்பகலுக்குள் துண்டு முழுக்க வழித்துத் துடைத்ததுபோல் ஆகிவிட்டது. அந்த ஒரு குவியல்தான் பாக்கி. சுத்தமான வீட்டில் ஒரே ஒரு அழுக்குத் துணி கிடந்தால் எப்படிக் கண்ணை உறுத்தும், அப்படி உறுத்தியது. காலையில் அவள் சொன்னது ஞாபகம் வந்ததா என்றால், வந்தது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் குச்சியைக் கிழித்துப் போட்டார்.

இரண்டு மணிக்கு லுசினா பிளாஸ்க்கில் டீயும், ஒரு துணியில் பிளம் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். நெருப்பைப் பார்த்து நின்றாள். கேக்கை வாசற்படியில் வைத்துவிட்டு, பூவாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினாள். புகை அடங்கியதும் சருகு வாரும் வாரியை எடுத்துச் சாம்பலைக் கிளறினாள். குனிந்து, கையால் தொட்டுத் தொட்டு, வெகுநேரம் பார்த்தாள். வாலென்டி ஐந்தடி தள்ளி நின்றார். 'என்ன இருக்கு?' என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, நாக்கு புரளவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்.

அவள் நிமிர்ந்து கையுறையைக் கழற்றினாள். "டீ ஆறிடும், குடி" என்றாள். அவ்வளவுதான்.

அந்தச் சாம்பலில் என்ன கண்டாள் என்று அவர் மறுநாளும் கேட்கவில்லை, அடுத்த மாதமும் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை. ஆனால் வசந்தம் வந்ததும் தட்டை எடுத்து வைத்தாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். முள்ளெலி வரவில்லை. அடுத்த வருஷமும் வைத்தாள், அதற்கடுத்த வருஷமும் வைத்தாள். அவள் வேலியோரம் உட்கார்ந்திருக்கும்போது வாலென்டி குடிலுக்குள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மே மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாலென்டி தோட்டத்திலிருந்து ஒரு கொத்து லைலாக் பூ ஒடித்துக்கொண்டு தினமும் போவார். ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்து கேட்டாள்:

"இன்ஜினியர் வந்தாரா?"

"வந்தாரு" என்றார் வாலென்டி. "நேத்து சாயங்காலம். தண்ணி குடிச்சுட்டுப் போனாரு."

"நிஜமாவா?"

"ம்."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நம்பிச் சிரித்தாளா, கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தாளா? இதுதான் வாலென்டியை அரித்தது. ஒரே ஒரு தடவை அந்தப் பிராணி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் போதும், அவளிடம் தான் கடைசியாகச் சொன்னது முழுப் பொய்யாக இருக்காது என்று நினைத்தார். கணக்கு சரியில்லைதான். ஏங்குகிறவனிடம் போய்க் கணக்குப் பேச முடியுமா?

அடக்கம் முடிந்த வாரமே அலமாரியிலிருந்த டப்பாக்களையெல்லாம் மூட்டை கட்டி நகராட்சி விஷக்கழிவுக் கிடங்கில் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார், பாவம். அந்த வருஷம் ஓடில்லா நத்தைகள் வந்து லெட்டூஸைத் தின்று, முட்டைக்கோஸைத் தின்று, செண்டுமல்லியைத் தண்டோடு தின்றன. "நத்தைங்களுக்கு விருந்து வைக்கிறீங்க, பக்கத்துத் துண்டுக்காரியை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறீங்க" என்றார் ஹொனொராத்தா. அந்த வருஷம் அழகான துண்டுக்கான பரிசு அந்த அம்மாளுக்குப் போனது.

வாலென்டி மண்ணை ஒரு மண்வெட்டி வெட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு மண்புழு இல்லை. இன்னோர் இடத்தில் வெட்டினார், அங்கும் இல்லை. முப்பது வருஷமாக உரமும் விஷமும் போட்டுத் தான் பரிசு வாங்கிய மண்ணில் ஓர் உயிர் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வாளியின்மேல் உட்கார்ந்து அழுதார்.

அதற்கப்புறம் மனிதர் மண்வெட்டியைத் தொடவில்லை. வைக்கோலும் சருகும் போட்டு மண்ணுக்கு மூடாக்குப் போட்டார். யார் துண்டில் சருகு வாரினாலும் போய் மூட்டை கட்டி வாங்கி வருவார். கேரட் வரிசைக்கு நடுவில் வெங்காயம் வைத்தார், ஒன்றின் வாசனை மற்றதன் ஈயை விரட்டும். முட்டைக்கோஸுக்கு நடுவில் சதகுப்பை தானாக முளைத்ததை அப்படியே விட்டார். அசுவினி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மூன்று வாரம் உயிர் போய் உயிர் வந்தது. நான்காம் வாரம் பொறிவண்டுகள் வந்து அசுவினியைத் தின்றன. லுசினா விட்டுவைத்த காஞ்சொறி வேரிலிருந்து மறுபடி துளிர்த்திருந்தது. அதை அறுத்துப் பீப்பாயில் ஊறப்போட்டுத் தக்காளிக்கு ஊற்றினார். அந்த நாற்றம் இருக்கிறதே! ஹொனொராத்தா வீட்டு விருந்தாளிகள் ஒரு சனிக்கிழமை இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பான் வாலென்டி! உங்க துண்டுல யாராவது செத்துக் கிடக்காங்களா?"

"காஞ்சொறிதாங்க ஊறுது."

"ஊறட்டும். ஆனா என் மருமகன் சாப்பிட்டுப் போனதுக்கப்புறம் ஊறட்டும்!"

தோட்டத் தலைவர் ஷிம்சாக் கமிட்டியோடு வந்து பார்த்துவிட்டு, 'துண்டு 17: ஒழுங்கீனம்' என்று ஒரு தாள் கொடுத்தார். வாலென்டி அதை ஆறு பித்தளைத் தகடுகளுக்குக் கீழே ஏழாவதாக ஆணி அடித்து மாட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

மூன்றாம் வருஷம் மண்புழு வந்தது. நான்காம் வருஷம் கருங்குருவி வந்து மூடாக்கைக் கிளறிற்று. ஐந்தாம் வருஷம் ஒரு தேரை, தர்பூசணித் தோல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நத்தை பிடித்தது. எல்லோரும் வந்தார்கள். வர வேண்டியவர் வரவில்லை. பின்மூலையில் ஆள் இடுப்புயரம் சருகுக் குவியல் ஒன்றை எழுப்பி, உள்ளே விறகுத் துண்டுகள் அடுக்கி, நுழைவதற்கு வழியும் விட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் தட்டில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் அப்படியே கிடக்கும். சில நாள் அதைச் செடிக்கு ஊற்றிக்கொண்டே, "இன்னும் கோபமா, லுசின்கா?" என்று வாய்விட்டே கேட்பார்.

போன செப்டம்பரில் ஒரு காலை, குவியலின் வாயருகே சுண்டுவிரல் நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தார். வண்டுச் சிறகுகள் அதில் பளபளத்தன. நூலகத்துப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறார், சந்தேகமே இல்லை, முள்ளெலிச் சாணம்! தட்டைப் பார்த்தார். பாதித் தண்ணீர் இல்லை.

எழுபத்தொரு வயது மனிதர் அந்தச் சாணத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார் என்றால் நம்புவீர்களா? கழற்றினார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். சாயங்காலம் வாளியில் உட்கார்ந்து கண் வலிக்கப் பார்த்தார். அது அவர் பஸ் ஏறிய பிறகு வந்துபோனது. பரவாயில்லை, வருகிறதே, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இடுப்பு மூட்டு அறுவைக்கு மூன்று வருஷமாக வரிசையில் இருந்தார். அக்டோபர் பதினைந்து, தவறினால் இன்னும் இரண்டு வருஷம்.

சாவியை ஹொனொராத்தாவிடம் கொடுத்தார்.

"பூசணிக்காயைப் பனி விழறதுக்குள்ள எடுத்து உள்ள வச்சிடுங்க. ஆப்பிளை நீங்களே எடுத்துக்கங்க. மத்தபடி எதையும் தொட வேண்டாம். எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"ம்" என்றார் ஹொனொராத்தா, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி வாலென்டி இரண்டு ஊன்றுகோல்களோடு திரும்பி வந்தார். ஹொனொராத்தாவின் மருமகன் காரில் அழைத்து வந்தான். நேராகத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்தார். வாசலில் ஹொனொராத்தா நின்றிருந்தார், குளிரில் கன்னம் சிவந்து, கையில் வாரியோடு.

"கண்ணை மூடிக்கங்க. நான் சொல்றப்போ திறங்க!"

திறந்தார். பதினேழாம் துண்டு வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. மூடாக்கு வைக்கோல் முழுக்க வாரி எடுத்திருந்தது. மண்ணைக் கொத்திப் புரட்டி, சீப்பு வைத்து வாரியதுபோல் கோடு இழுத்திருந்தது. பாதை ஓரத்தில் ஒரு புல் இல்லை. வேலியில் உடைந்த பலகைகளுக்குப் புதுப் பலகை. குடிலுக்குப் பின்னால் அந்த மூலை மொட்டையாக, ஈரமாகக் கிடந்தது.

"எப்படி? சொல்லுங்க! மூணு நாள் வேலை. இவனையும் லீவு போட வச்சு இழுத்துட்டு வந்தேன். லுசினாவோட கல்லறையையும் சோடா போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன். நாளைக்கு நீங்க தலை நிமிர்ந்து அவ முன்னால போய் நிக்கலாம்."

வாலென்டிக்கு ஊன்றுகோலை ஓங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்த முகத்தைப் பார்த்தார். வாரியைப் பிடித்துக்கொண்டு, சபாஷ் வாங்கக் காத்திருக்கும் முகம். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே இடத்தில், இதே நாளில், இதே முகத்தோடு தான் நின்றிருந்தது ஞாபகம் வந்தது. லுசினா அன்று எதைப் பார்த்தாள், எதை விழுங்கினாள் என்பது இப்போது புரிந்தது. நன்றி என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொளுத்திய நெருப்பு, கிளறிய சாம்பல், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், செப்டம்பர் மாதத்துச் சாணம். "ரெண்டாவது தடவையும் கொன்னுட்டேன், பானி ஹொனொராத்தா. ஒரு வார்த்தை சொல்லாம விட்டு நான்தான் கொன்னுட்டேன்."

ஹொனொராத்தா வாயடைத்துப்போய் நின்றது எங்கள் தோட்டத்தின் வரலாற்றிலேயே அது ஒரு தடவைதான். வாரியை வேலியில் சாய்த்து வைத்தார். "வாங்க" என்றார். "இதைக் கடைசியாக் காட்டி அசத்தலாம்னு வச்சிருந்தேன். அழாதீங்க, வாங்க."

பதினெட்டாம் துண்டுக்குள் அழைத்துப் போனார். கத்தரிக்கோலால் விளிம்பு வெட்டும் அந்தப் புல்வெளியின் நட்டநடுவில், உருண்டையாக வெட்டிய ரோஜாச் செடிகளுக்கு மத்தியில், இடுப்புயரத்துக்கு ஒரு சருகுக் குவியல். மேலே ஊசியிலைக் கிளைகள் போட்டு மூடியிருந்தது. ஒரு பலகையில் சிவப்புச் சாயத்தில், 'தொட்டால் கை இருக்காது' என்று எழுதியிருந்தது.

"சருகு அள்ளுற கவையால ஒரு குத்துதான் குத்தினேன். உள்ளேருந்து உஸ்ஸுன்னு ஒரு சத்தம். முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கே ஊசி போட்ட கை இது, எனக்கே ஊசி போட்டுட்டான்!" கையை விரித்துக் காட்டினார். புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. "நல்ல குண்டு. என் மருமகன் அங்க வேலியில டமால் டமால்னு அடிச்சுட்டிருந்தான், அந்தச் சத்தத்துல எப்படித் தூங்கும்? ஏப்ரன்ல சுத்திக் கொண்டுவந்துட்டேன். உங்க சருகு முழுக்கத் தள்ளுவண்டியில இங்க வந்தாச்சு. என் புல்வெளி போச்சு, அடுத்த வருஷப் பரிசும் போச்சு. ஷிம்சாக் வந்து பாத்துட்டுத் தலையில கைய வச்சிக்கிட்டான்."

வாலென்டி ஊன்றுகோலை ஒரு பக்கம் போட்டுவிட்டுக் கிளையை விலக்கக் குனிந்தார். ஹொனொராத்தா கையைத் தட்டிவிட்டார்.

"அடி விழும்! ஒரு தடவை எழுப்பினதே பாவம். இப்போ திரும்ப எழுந்தா குளிர்காலம் தாங்காது. ஏப்ரல் வரைக்கும் பொறுங்க."

"ஒரு தடவை மட்டும். மூக்கு நுனியாவது..."

"ஏப்ரல்!"

வாலென்டி நிமிர்ந்தார். காதைக் குவியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஹொனொராத்தா பக்கத்தில் நின்று, வழக்கமில்லாத மெல்லிய குரலில் பேசினார்.

"இன்னொண்ணு. அன்னிக்கு அந்தச் சாம்பல்ல ஒண்ணும் இல்ல, பான் வாலென்டி. வெறும் சாம்பல்தான். இன்ஜினியர் அன்னிக்கு வீட்ல இல்ல. வீட்டைக் கொளுத்தினா யார்தான் திரும்பி வருவா? அதனாலதான் வரலை."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"லுசினாதான். மறுநாளே சொன்னா."

"என்கிட்ட சொல்லலையே! ஏன் சொல்லலை?"

ஹொனொராத்தா ஏப்ரன் நுனியை முறுக்கினார். "நீங்க கேப்பீங்கன்னு இருந்தா. 'செத்துச்சா பொழைச்சுச்சான்னு வாலுஷ் வாயால ஒரு வார்த்தை கேக்கட்டும் ஹொனொர்கா, அப்போ சொல்றேன்'னா. நான் ரெண்டு நாள்ல கேட்டிருப்பீங்கன்னு நினைச்சுட்டேன். அப்புறம் அதை யார் ஞாபகம் வச்சிருந்தா? நாம ரெண்டு பேரும் வேலியையும் நாத்தத்தையும் தவிர வேற என்ன பேசியிருக்கோம்?"

மருமகன் அவரைக் கைத்தாங்கலாகக் காருக்கு நடத்திப் போனான்.

மறுநாள் ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சாமந்தித் தொட்டிகளும் கண்ணாடி விளக்குகளும் கையுமாகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வாலென்டி ஹொனொராத்தாவின் மருமகனை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக, ஒவ்வோர் அடியாக ஊன்றி நடந்து போனார். லுசினாவின் கல் பளபளவென்றிருந்தது. விளக்கேற்றி வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காய்ந்த ஆப்பிள் இலையை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். பக்கத்துக் கல்லறைக்காரி குப்பை என்று நினைத்து அதை எடுக்கக் கை நீட்ட, ஒரு பார்வை பார்த்தார்.

"லுசின்கா" என்றார். "இன்ஜினியர் வந்துட்டாரு. நான் கண்ணால பாக்கலை, ஹொனொராத்தாதான் பாத்தா. அவ கையில குத்தியும் வச்சிருக்காரு. தண்ணி குடிச்சதை மட்டும் நான் பாத்தேன், தட்டு பாதி காலியா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில நான் உன்கிட்ட சொன்னது பொய். உனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

பக்கத்தில் யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை நின்றார். பிறகு, பதில் தெரிந்திருந்தும், ஒன்பது வருஷமாக நாக்கில் புரளாமல் கிடந்ததைக் கேட்டார்.

"அந்தச் சாம்பல்ல என்ன இருந்துச்சு, லுசின்கா?"

கேட்டுவிட்டு, இரண்டு ஊன்றுகோல்களிலும் பாரத்தைப் போட்டுக்கொண்டு, அவள் சொல்வதற்காக நின்றார்.